ஆறாவது பிள்ளையின் பங்கு

ஆசார்ய வினோபா பாவே சிறுவனாக இருந்த காலத்தில் ஒரு நாள் அவரது வீட்டு வாசலில் பிச்சைக்காரன் ஒருவன் வந்து நின்றான். நல்ல உடற்கட்டு உடையவன். உழைத்துப் பிழைக்கக் கூடியவன். தாய் ருக்மிணி தேவி அவனுக்குப் பிச்சையிட்டார். மகனுக்கு அது பிடிக்கவில்லை. உடலில் வலுவுள்ளவனுக்குக் கொடுப்பது சோம்பலை வளர்ப்பதாகும், இடமும் காலமும் பாத்திரமும் அறிந்து கொடுப்பதைத்தான் கீதை சாத்வீக தானம் என்கிறது என்று வாதிட்டார். தாய் சாஸ்திர விசாரத்தில் இறங்கவில்லை. வாசலுக்கு வந்தவனின் தகுதியை எடைபோட நாம் யார், வந்தவனை இறைவனாகக் கருதி இயன்றதைக் கொடுப்பதே நம் வேலை என்ற அளவில் பேச்சை முடித்துக்கொண்டார். அதற்கு மறுப்புச் சொல்லத் தமக்குப் பின்னாளிலும் ஒரு வாதம் கிடைக்கவில்லை என்று வினோபா முதிய வயதில் நினைவுகூர்ந்தார்.

மகனின் கேள்வியும் தாயின் விடையும் வினோபாவின் வாழ்க்கை முழுவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே வந்தன. கொடுப்பது உள்ளவனின் விருப்பமா, இல்லாதவனின் உரிமையா? விருப்பம் என்றால், கொடுக்க மனமில்லாதவர்களை என்ன செய்வது? அவர்கள் மனம் கனியும்வரை பசித்தவன் காத்திருக்க வேண்டுமா? உரிமை என்றால், அரசாங்கமே சட்டம் போட்டு எடுத்துக் கொடுத்துவிடலாம். கருணைக்கும் தானத்துக்கும் அங்கே என்ன வேலை? இக்கேள்விகளை நூலறையில் அமர்ந்து ஆராய்ந்தவர்கள் பலர். வினோபா இவற்றைத் தோளில் சுமந்துகொண்டு பதின்மூன்று ஆண்டுகள் நாடெங்கும் நடந்தார்.

வினாயக் நரஹரி பாவே என்ற வினோபா 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் கொங்கணப் பகுதியில் காகோதே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நரஹரி சம்புராவ் கணக்கும் அறிவியலும் மதிப்பவர். தாய் கர்நாடகத்தைச் சேர்ந்தவர். பக்தியே வாழ்வாக இருந்தவர். வீட்டுப் பலா மரத்தில் பழம் பழுத்தால் முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி பிள்ளையை அனுப்புவார். பக்கத்து வீட்டுப் பெண்மணி நோயுற்றால் அவர் வீட்டுக்கே போய்ச் சமைத்துத் தருவார். ஆனால் தம் வீட்டுச் சமையலை முடித்துவிட்டுத்தான் போவார். இது சுயநலம் அல்லவா என்று மகன் ஒரு முறை குத்திக் காட்டினார். தாயின் விளக்கம் எளிமையானது: அவர்கள் வீட்டில் முதலில் சமைத்து வைத்தால், சாப்பிடும் நேரத்துக்குள் உணவு ஆறிப்போய்விடும். தர்மத்தைப் பெறுபவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதை வினோபா முதலில் கற்றது அந்த அடுக்களையில்தான்.

1916-இல் இன்டர்மீடியட் தேர்வெழுத பம்பாய்க்குப் புறப்பட்ட இளைஞர் வழியில் சூரத்தில் இறங்கிக் காசிக்கு வண்டியேறிவிட்டார். இமயத்தின் சாந்தியும் வங்காளத்தின் புரட்சியும் ஒருசேர அவரை இழுத்துக்கொண்டிருந்தன. காசி இந்து பல்கலைக்கழக விழாவில் காந்தியடிகள் ஆற்றிய உரையைப் பற்றி அங்கே கேள்விப்பட்டு, அவருக்குக் கடிதம் எழுதி, அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள் அகமதாபாத் கோச்ரப் ஆசிரமத்தில் அவரைச் சந்தித்தார். தேடிய இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. பிறகு 1921 முதல் வார்தா, 1932-இல் துலியா சிறையில் நிகழ்த்திய கீதைப் பேருரைகள், 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முதல் வீரர் என்ற பெருமை என அவரது வாழ்க்கை தொடர்ந்தது. 1942-க்குப் பின் வேலூர்ச் சிறையில் இருந்தபோது தமிழ் உள்ளிட்ட தென்னக மொழிகள் நான்கையும் கற்கத் தொடங்கினார்.

பூதானத்துக்கு ஓராண்டு முன்பு நிகழ்ந்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1950-இல் வார்தாவுக்கு அருகில் பவனாரிலுள்ள தமது பரந்தாம ஆசிரமத்தில் வினோபா காஞ்சன முக்தி என்ற சோதனையைத் தொடங்கினார். பொன்னிடமிருந்து விடுதலை என்பது அதன் பொருள். பண நன்கொடை பெறாமல், சொந்த உடலுழைப்பில் விளைந்ததை மட்டும் உண்டு வாழ முடியுமா என்று பார்ப்பதே சோதனை. ஆசிரமவாசிகள் நிலத்தைக் கொத்தினார்கள். காளை இல்லாமல் தாங்களே சுற்றிக் கிணற்று நீரை இறைத்தார்கள். பிறரிடம் கொடு என்று கேட்கப் போகிறவர், முதலில் பெறுவதை நிறுத்திக் கொண்டார். பக்தர்களின் காணிக்கையில் நடக்கும் எந்த அமைப்புக்கும் இந்தச் சோதனை சற்று உறுத்தலாகவே இருக்கும்.

போச்சம்பள்ளி

1951-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹைதராபாத்துக்கு அருகில் சிவராம்பள்ளியில் சர்வோதய மாநாடு நடைபெற்றது. வினோபா பவனாரிலிருந்து நடந்தே வந்து கலந்துகொண்டார். அப்போது தெலங்கானா எரிந்துகொண்டிருந்தது. 1946 முதல் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் உழவர்கள் ஆயுதம் ஏந்தியிருந்தார்கள். பெருநிலக்கிழார்களின் நிலங்கள் பறிக்கப்பட்டு ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பிறகு இராணுவமும் காவல்படையும் வந்தன. இரவில் ஒரு சாராருக்கும் பகலில் மறு சாராருக்கும் அஞ்சி ஊர்கள் வாழ்ந்தன. அந்த ஊர்களுக்குள் காவல் எதுவும் இன்றி நடந்து செல்வது என்று வினோபா முடிவு செய்தார்.

ஏப்ரல் 18-ஆம் நாள் நல்கொண்டா மாவட்டம் போச்சம்பள்ளியை அடைந்தார். அங்கிருந்த ஹரிஜனக் குடும்பங்கள் நாற்பதும் தங்கள் குறையைச் சொல்லின. நிலம் இருந்தால் உழைத்துப் பிழைத்துக்கொள்வோம், எண்பது ஏக்கர் போதும் என்றார்கள். வினோபாவின் மனத்தில் முதலில் எழுந்தது தானம் என்ற எண்ணமே அன்று. மனு எழுதித் தாருங்கள், அரசாங்கத்திடம் சேர்ப்பிக்கிறேன் என்றுதான் அவரும் சொன்னார். பிறகுதான், சர்க்கார் கொடுப்பதற்கு எத்தனை காலம் ஆகுமோ, இந்த ஊரிலேயே கொடுக்கக் கூடியவர் யாரேனும் உண்டா என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார்.

அன்றிரவு வினோபா அதிக நேரம் உறங்கவில்லை. இறைவனிடமும் கணிதத்திடமும் தமக்கு நம்பிக்கை உண்டு என்று அவர் சொல்வது வழக்கம். அன்று இரண்டும் துணைக்கு வந்தன. நாட்டின் சாகுபடி நிலம் சுமார் முப்பது கோடி ஏக்கர். நிலமற்ற ஏழைகளுக்கெல்லாம் நிலம் தர வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்து கோடி ஏக்கர் தேவை. அதாவது ஆறில் ஒரு பங்கு. இத்தனையையும் பிச்சை கேட்டுப் பெற முடியுமா? கேட்டதற்கு மேல் கொடுக்க ஒருவன் எழுந்ததை இறைவனின் குறிப்பாக அவர் எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் ஊர் ஊராகக் கேட்கத் தொடங்கினார். தெலங்கானாவில் நடந்த ஐம்பத்தோரு நாட்களில் சுமார் 12,000 ஏக்கர் கிடைத்தது.

இதே மாதங்களில் தில்லியில் வேறொரு வழி வகுக்கப்பட்டுக்கொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பீகாரின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் செல்லாது என்று 1951 மார்ச்சில் பாட்னா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில் பாராளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை நிறைவேற்றி, நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்தின் பிடியிலிருந்து விலக்கி ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது. நிலம் கைமாற ஆயுதம், சட்டம், வேண்டுகோள் என மூன்று வழிகள் ஒரே கோடைக்காலத்தில் இந்தியாவின் முன் நின்றன. கொலை, சட்டம், கருணை என்று வினோபா அவற்றுக்குப் பெயரிட்டார்.

பிச்சை அன்று, பங்கு

வினோபாவைச் சட்டத்தின் எதிரி என்று சொல்வது தவறு. சட்டம் வந்தால் வரட்டும் என்பதே அவரது நிலை. ஆனால் சட்டம் மட்டும் தனியே வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். சட்டம் நிலத்தை எடுக்கும்; இதயத்தைத் தொடாது. பறிகொடுத்தவன் பகைவனாக அதே ஊரில் வாழ்வான். பறிகொடுக்காமலிருக்க வழி தேடுபவன், நிலத்தை மைத்துனன் பெயரிலும் பிறவாத குழந்தையின் பெயரிலும் எழுதி வைப்பான். பின்னாளில் உச்சவரம்புச் சட்டங்களுக்கு நேர்ந்த கதி இதுவே.

மறுபுறம், வழக்கமான தர்மத்தையும் அவர் ஏற்கவில்லை. மிஞ்சியதில் ஒரு பிடியைப் போட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது பெறுபவனைத் தாழ்த்துகிறது, கொடுப்பவனை ஏமாற்றுகிறது. ஆகவே தானம் என்ற சொல்லையே அவர் திருத்தி எடுத்துக்கொண்டார். ஆதிசங்கரர் கீதை உரையில் தானம் என்பதற்கு ஸம்விபாகம், அதாவது பகிர்ந்தளித்தல், என்று பொருள் கூறுகிறார். வினோபா இதைச் சமமாகப் பங்கிடுதல் என்றே விளக்கினார். உரையில் அன்னம் முதலியவற்றை இயன்ற அளவு பகிர்வது என்றுதான் இருக்கிறது; சமம் என்ற அழுத்தம் வினோபாவுடையது. பாஷ்யத்தை வரிக்கு வரி பார்ப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ளத் தயங்கலாம். ஆனால் அவரது இயக்கம் முழுவதும் நின்றது இந்த அழுத்தத்தின் மேல்தான்.

ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆறாவதாக ஒரு பிள்ளை பிறந்தால் அவனுக்கும் பங்கு உண்டல்லவா? தம்மை அந்த ஆறாவது பிள்ளையாகக் கருதி, நிலமற்றவர்கள் சார்பில் அப்பங்கைக் கேட்டார் வினோபா. பிள்ளை தன் பங்கைக் கேட்பது பிச்சை ஆகாது. தகப்பன் அதைக் கொடுப்பது தயவும் ஆகாது. இதனால்தான் பெரிய நிலக்கிழார்கள் பேருக்குச் சில ஏக்கர் நீட்டியபோது அவர் வாங்க மறுத்ததுண்டு. அதே சமயம் ஓர் ஏக்கர் வைத்திருந்த ஏழை அதில் ஒரு துண்டைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். ஏழையிடமே பிடுங்குவதா என்று பலர் கடிந்துகொண்டனர். ஏழைகள் கொடுக்கத் தொடங்கினால் எழும் தார்மிக பலத்தின் முன் செல்வர்களால் நெடுங்காலம் கை மூடியிருக்க முடியாது என்பது அவரது கணக்கு. நிர்வாகிகளுக்கு எளிதில் பிடிபடும் கணக்கு அன்று அது.

நிலமில்லாத நகரவாசிகளையும் அவர் விடவில்லை. 1952-க்குப் பின் சம்பத்திதானம் என்ற முறையை வகுத்தார். வருமானத்தில் ஆறில் ஒரு பங்கையோ இயன்ற பங்கையோ ஆண்டுதோறும் கொடுப்பதாக ஒருவர் உறுதி எழுதித் தர வேண்டும். வியப்பு என்னவென்றால், பணத்தை வினோபா வாங்கிக்கொள்ள மாட்டார். அது கொடுத்தவரிடமே இருக்கும். நிலம் பெற்ற ஏழைக்கு ஏர், மாடு, விதை வாங்குவது, கிணறு வெட்டுவது என்று குறிப்பு வரும்போது அவரே செலவிட்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். அவர் சரியாகச் செய்கிறாரா என்பதற்கு அவரது அந்தராத்மாவே சாட்சி. வருமான வரியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வரி செலுத்தியவர் ரசீதைக் கோப்பில் வைத்துவிட்டு ஏழையை மறந்துவிடலாம். சம்பத்திதானம் செய்தவர் மறக்க முடியாது. கிணற்றில் தண்ணீர் வந்ததா என்று அவர் பார்த்தாக வேண்டும். ஆனால் வரிக்குப் பின்னால் ஓர் அதிகாரி இருக்கிறார். அந்தராத்மாவோ பலருக்கு மிகச் சாதுவான தணிக்கையாளர். சம்பத்திதானம் பூதானத்தின் அளவுக்குப் பரவவில்லை.

1951 இலையுதிர் காலத்தில் திட்டக் குழுவுடன் பேச வருமாறு பிரதமர் நேரு அழைத்தார். வினோபா நடந்தே தில்லி சென்று ராஜ்காட்டில் தங்கினார். அடுத்து உத்தரப் பிரதேசம். அங்கே 1952 மே மாதத்தில் மங்ரோத் என்ற ஊர் தன் நிலங்களைப் பொதுவில் ஒப்படைத்து முதல் கிராமதான ஊராயிற்று. பின்னர் பீகாரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்து இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் பெற்றார். ராங்கா ஜமீன்தார் ஒருவரே ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்தார். 1954-இல் புத்த கயையில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தம் வாழ்நாளையே இப்பணிக்குத் தானமாக அளித்தார். மார்க்ஸியம் பயின்று, அரசின் கையால் சமத்துவம் வரும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தவர் அவர். 1957 அளவில் தானமாகப் பெற்ற நிலம் நாற்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஐந்து கோடி என்ற இலக்குக்கு முன் இது சிறிது. ஒரு மனிதர் கால்நடையாகக் கேட்டுப் பெற்றது என்ற வகையில் இதற்கு இணை இல்லை.

தானப் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே

இங்கே தான் சங்கடம் தொடங்குகிறது. கூட்டத்தில் எழுந்து நின்று, கண்ணீர் மல்க எழுதிக் கொடுத்த நிலங்களில் ஒரு பகுதி பாறையும் மணலும் காடுமாக இருந்தது. ஒரு பகுதி வழக்கில் இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் எப்படியும் கைவிட்டுப் போகவிருந்த நிலத்தைத் தானம் என்ற பெயரில் கொடுத்துப் புகழ் தேடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். நல்ல நிலமாகவே இருந்தாலும், தானப் பத்திரம் ஒரு காகிதம் மட்டுமே. சர்வே எண் பார்த்து, எல்லை அளந்து, பெயர் மாற்றி, பட்டா கொடுக்க வருவாய்த் துறை வேண்டும். கொடுத்தவர் இறந்தபின் வாரிசு மறுத்தால் நீதிமன்றம் வேண்டும். ஆகவே மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பூதான யக்ஞச் சட்டங்களை இயற்றின. பீகாரில் 1954-இலும், சென்னை மாநிலத்தில் 1958-இலும், அன்றைய மைசூர் மாநிலத்தில் 1963-இலும் அவை வந்தன. சட்டத்தை நம்பாமல் புறப்பட்ட தானம், ஏழையின் கைக்குப் போய்ச் சேர ஒரு சட்டத்தின் உதவியை நாடவேண்டியதாயிற்று.

1956 மே மாதம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த வினோபா ஏறத்தாழ ஓராண்டு இங்கே நடந்தார். காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது. அவ்வாண்டு நவம்பரில் பழனியில் இயக்கம் எடுத்த முடிவு இன்று நினைத்தாலும் திகைக்க வைப்பது. காந்தி நினைவு நிதியிலிருந்து பெற்றுவந்த பணத்தை இனிப் பெறுவதில்லை. மாநில, மாவட்ட பூதானக் குழுக்களையும் கலைத்துவிடுவது. நிதியிலிருந்தும் அமைப்பிலிருந்தும் விடுதலை பெற்றால் இயக்கம் மக்களுடையதாகிவிடும் என்பது வினோபாவின் எண்ணம். ஒரு துறவியின் நோக்கில் இது முற்றிலும் பொருத்தமானது. ஆனால் எழுதிக் கொடுத்த நிலத்தைத் தேடிப் போய் அளந்து கொடுக்க வேண்டிய ஊழியர்கள் இதனால் கலைந்து போனார்கள். நிலத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இம்முடிவின் விலை அதிகம். பற்றின்மை தன்னளவில் உயர்ந்த குணம். பிறருக்கான பொறுப்பைக் கையில் வைத்திருக்கும்போது அதை எங்கே நிறுத்துவது என்பதில் வினோபாவும் சறுக்கினார் என்றே சொல்ல வேண்டும்.

கன்னியாகுமரியில் கிராம சுயராஜ்யம் நிலைபெறும்வரை நடை ஓயாது என்று சங்கற்பம் செய்துகொண்டு, 1957-இல் கேரளம் கடந்து கர்நாடகத்தை அடைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 21, 22 தேதிகளில் மைசூருக்கு அருகில் யெல்வாலில் நடந்த மாநாட்டுக்குக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், பிரதமர் நேரு ஆகியோர் வந்திருந்தனர். கேரளத்தின் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் வந்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் தெலங்கானாக் காடுகளில் எதிரெதிரே நின்றிருந்த மூன்று வழிகளின் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த காட்சி அது. கிராமதானம் வரவேற்கத்தக்கது, அரசின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களும் தொடர வேண்டும், இரண்டும் ஒன்றற்கொன்று துணை என்ற முடிவுக்கு மாநாடு வந்தது. வினோபா மகிழ்ந்தார். ஆனால் இந்த இணக்கத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. தானம் நடக்கிறதே என்று சொல்லிச் சட்டத்தைத் தள்ளிப்போட ஆட்சியாளர்களுக்கு வசதியாயிற்று என்று அக்காலத்திலேயே விமரிசகர்கள் குற்றம் சாட்டினார்கள். அக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தாயின் மண்ணான கர்நாடகத்தில்தான் ஜய் ஜகத், உலகுக்கு வெற்றி என்ற முழக்கத்தை வினோபா எழுப்பினார். அவர் நிறுவிய ஆறு ஆசிரமங்களுள் ஒன்று பெங்களூரு குமாரபார்க்கிலுள்ள வல்லப நிகேதன். அவருடைய நெடுநாளைய துணைவரான வல்லப சுவாமியின் பெயரைத் தாங்கியது. நகர ரயில் நிலையத்துக்கு ஒரு புறம் குமாரபார்க். மறுபுறம், தண்டவாளங்களை அடுத்து இருப்பது ஒக்கலிபுரம். அதிலும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் என்று வட மாவட்டங்களிலிருந்து வந்து தங்கியவர்களின் வழியினர் அவர்களில் பலர். சொந்தமாக நீர்ப்பாங்கான இரண்டு ஏக்கர் உள்ளவன் ரயிலேறி வந்து நகரத்துக் குடிசையில் ஒண்டுவதில்லை. கிராமத்தில் நிலம் பங்கிடப்படாத குறை நகரத்தின் ஓரங்களில் வந்து சேர்கிறது. பூதானத்தை நாட்டுப்புற விஷயம் என்று நகரவாசிகள் ஒதுக்க முடியாததற்குக் காரணம் இது.

அதே பெங்களூரில்தான் சட்டத்தின் வழியும் தன் முழு வலிமையோடு ஒரு முறை நடந்து காட்டியது. தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, 1974 மார்ச் 1 முதல் குத்தகையில் இருந்த நிலங்களெல்லாம் அரசைச் சேர்ந்தன. வட்டந்தோறும் நில நியாயமன்றங்கள் அமைந்தன. லட்சக்கணக்கான குத்தகை விவசாயிகள் உழுத நிலத்துக்கு உடைமையாளர் ஆனார்கள். வினோபா கர்நாடகத்தில் நடந்து கேட்டுப் பெற்றதைவிட இது எத்தனையோ மடங்கு பெரிது. யாரும் யாரிடமும் கை நீட்டவில்லை. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெருமையைச் சட்டத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆயினும், ஏற்கெனவே குத்தகையாக ஒரு கால் ஊன்றியிருந்தவனுக்குத்தான் நிலம் வந்தது. எதிலும் கால் ஊன்றாத கூலியாளுக்கு உச்சவரம்பு உபரியிலிருந்து கிடைத்தது சொற்பமே. பெருநிலக்கிழாரையும், இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுக் கஞ்சி குடித்த விதவையையும் சட்டம் ஒரே கண்ணால் பார்த்தது. போச்சம்பள்ளியில் நின்ற நாற்பது குடும்பங்களைப் போன்றவர்களை, குத்தகைப் பதிவேட்டில் எங்கே தேடுவது?

தமிழ்நாட்டில் வினோபாவுடன் நடந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் இந்த இடைவெளியைத்தான் கண்டார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அவர்கள் தஞ்சைக் கீழைப் பகுதிக்கே குடிபெயர்ந்தார்கள். அங்கே உச்சவரம்புச் சட்டம் 1961 முதல் இருந்தது. ஆனால் அறக்கட்டளைகளின் பெயரில் இருந்த நிலத்துக்குச் சட்டம் சலுகை காட்டியதால், தர்மம் என்ற பெயரே சட்டத்துக்கு எதிரான கேடயமாகப் பயன்பட்டது. 1981-இல் அவர்கள் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம் வேறு வழி கண்டது. நிலக்கிழாரிடம் பேசி நியாய விலைக்கு விற்க இணங்கச் செய்வது. அரசின் கடனும் மானியமும் பெற்று வாங்குவது. நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்வது. இவ்வாறு பல்லாயிரம் ஏக்கர் கைமாறியது. இது தானமா, சட்டமா, வியாபாரமா என்று பிரித்துச் சொல்வது கடினம். நிலம் பெற்ற பெண்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வினோபாவின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-இல் சம்பல் கொள்ளையர் அவர் முன் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். 1964-இல் நெடுநடை முடிந்து பவனார் திரும்பினார். கிராமதான நிபந்தனைகள் எளிதாக்கப்பட்டன. நில உரிமையை ஊர் பெயருக்கு மாற்றி, இருபதில் ஒரு பங்கை நிலமற்றவருக்குத் தந்தால் போதும் என்றாயிற்று. 1960-களின் இறுதிக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் கிராமதானம் ஆனதாக அறிவிக்கப்பட்டன. பெரும்பாலானவை காகிதத்திலேயே நின்றன. 1974-இல் ஜெயப்பிரகாஷ் போராட்ட வழியில் இறங்கியபோது வினோபா உடன் செல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஓராண்டு மௌனம் பூண்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் காத்த நிலையை அவரது அன்பர்களிலேயே பலரால் ஏற்க முடியவில்லை.

1982 நவம்பரில் இதயம் நலிவுற்றபோது மருந்தையும் உணவையும் நீரையும் விட்டார். அன்பர்களும் மருத்துவர்களும் எவ்வளவு மன்றாடியும் ஏற்கவில்லை. நவம்பர் 15-ஆம் நாள், தீபாவளியன்று, அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. தாம் நதிக்கரையில் தகனம் நடந்தது. மறு ஆண்டு அரசு பாரத ரத்னா விருதை அறிவித்தது. எழுதி வைக்கவோ பங்கிடவோ அவர் பெயரில் சொத்து எதுவும் இல்லை. அவரிடம் எழுதிக் கொடுக்கப்பட்ட பத்திரங்களோ ஏராளம். பல பத்தாண்டுகளில் அந்த நிலத்தில் ஏறத்தாழப் பாதி ஏழைகளின் கைக்குச் சென்றது. மீதியில் பயிரிட உதவாததைக் கழித்தபின் எஞ்சிய ஏக்கர்கள், சர்வே எண் தெரியாமலும் வாரிசுகளின் வழக்கிலும் ஆக்கிரமிப்பிலும், மாநிலத் தலைநகரங்களின் பூதான வாரிய அலமாரிகளில் இருந்தன.